கிற்றாரில் கவுண்டர்பொயின்ற் வாசிப்பது என்றால் என்ன? அதை எப்படிப் பழகுவது?

ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு மெட்டுகள், தனித்துப் பாடினாலும் நிறைவாகவும், சேர்ந்து கேட்டால் இசைவாகவும் அமைவதே கவுண்டர்பொயின்ற். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் ஒரே நீரைப் பெற்றுத் தத்தம் வழியே வயல்களை நோக்கிச் செல்வதைப் போன்றது இது.

ஒரு மெட்டு ஏறும்போது மற்றது இறங்கினால், அல்லது ஒன்று நீண்டு நிற்கையில் மற்றது நடந்தால், காது இரண்டையும் எளிதில் பிரித்தறிகிறது. இரண்டும் ஒரே சுரங்களை மேல், கீழ் ஸ்தாயிகளில் ஒன்றாகவே வாசித்துச் சென்றால் ஒரே குரலாகக் கலந்துவிடுகின்றன.

கிற்றாரில் பெரும்பாலும் வலக்கையின் பெருவிரல் தடித்த தந்திகளில் கீழ் மெட்டையும், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியன மெல்லிய தந்திகளில் மேல் மெட்டையும் மீட்டுகின்றன. உண்மையான கடினம் தந்திகளை அழுத்தும் இடக்கையில்தான் இருக்கிறது. மேல் மெட்டுக்காக விரல்களை நகர்த்தும் அவசரத்தில், கீழே நீண்டு ஒலிக்க வேண்டிய சுரத்தை அழுத்திய விரல் முன்கூட்டியே எழுந்துவிட்டால் அந்த மெட்டு அறுந்துபோகும். ஆகவே ஒவ்வொரு மெட்டையும் தனித்தனியே வாசித்துப் பழகி, பின் ஒன்றைப் பாடிக்கொண்டே மற்றதை மெதுவாக வாசிப்பதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். வன்னித் தேவாலயங்களின் பாடகர் குழுக்களில் வாசிப்போர், நன்கு தெரிந்த ஒரு கீதத்திலேயே இதைத் தொடங்கலாம். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ் (1685–1750) எழுதிய இருகுரல் இன்வென்ஷன்கள், அதாவது இரு மெட்டுகளாலான சிறு இசைத்துண்டுகள், விசைப்பலகை வாத்தியங்களுக்கானவை என்றாலும், செவியைப் பழக்க அவற்றைவிடச் சிறந்த துணை அரிது.

மெட்டின் கீழே கோட்ஸ் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) பிடித்து வாசிப்பதையே பலர் கவுண்டர்பொயின்ற் எனக் கருதுகின்றனர். ஆனால் கீழ்க்குரலும் தனியே பாடத்தக்க மெட்டாக இல்லாதவிடத்து, அது பக்கவாத்தியம் மட்டுமே.