கேள்வி–பதில்: கம்பாசிட்டர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி: கணினியால் அச்சகங்களில் எழுத்துக் கோத்த கம்பாசிட்டர்களின் வேலை போயிற்று என்கிறார் என் தந்தை, புதிய வேலைகள் வந்தன என்கிறார் என் ஆசிரியர். எது உண்மை?
– வாசகி, சாத்தூர்

பதில்: இரண்டுமே உண்மை, ஆனால் போன வேலையும் வந்த வேலையும் ஒரே ஆளுக்கு வாய்க்கவில்லை. கம்பாசிட்டர், எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் பெட்டியான கேஸைச் சாய்வாக நிறுத்தி, அதன் முன் நின்று, எந்த அறையில் ‘கு’ கிடக்கிறது, எதில் ‘ணை’ கிடக்கிறது என்று தேடாமலே ஈய எழுத்தை எடுத்து, இடக்கையிலுள்ள ஸ்டிக் என்ற சிறு தட்டில் தலைகீழாக அடுக்கி, வரி நிரம்பாவிட்டால் இடையில் வெற்றுக்கட்டைகளைச் செருகிச் சரிசெய்வார். இந்தக் கைப்பழக்கம் வர ஆண்டுகள் பிடிக்கும். 1985-இல் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் வெளியாகி, தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துருக்களும் பரவியபோது, வரியை நிரப்புவதை மென்பொருளே ஏற்றுக்கொண்டது. மிஞ்சியது விரல் வேகம். அது தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகளில் தேறியவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. தட்டச்சுப்பொறியின் விசை வரிசையிலேயே கணினியிலும் அடிக்க முடிந்ததால், இளம்பெண்கள் பலர் இந்த வேலைக்கு வந்தார்கள்.

அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்றும் உண்டு. நல்ல கம்பாசிட்டர், கையெழுத்துப் பிரதியில் விடுபட்ட ஒற்றெழுத்தைக் கோக்கும்போதே சேர்த்துவிடுவார். அதற்கென்று தனிக் கூலி கிடையாது என்பதால், அந்தத் திறமை போனதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்றைய அழைப்பிதழ்களில் ஒற்றுப்பிழை மலிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். (எங்கள் பக்கங்களிலும் உண்டே என்று அடுத்த கடிதம் எழுதிவிட வேண்டாம்.)

கேள்வி: அவர்களுடைய பிழைப்பைக் காப்பாற்றியிருக்கவே முடியாதா?
– அதே வாசகி

பதில்: நியூயார்க்கில் ஓரளவு முடிந்தது. 1974-இல் நியூயார்க் டைம்ஸ் நிர்வாகமும் அச்சுத் தொழிலாளர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, சங்கம் கணினியை எதிர்ப்பதில்லை, நிர்வாகம் பணியிலிருப்போரை நீக்குவதில்லை என்று முடிவாயிற்று. அந்நாளிதழ் 1978 ஜூலையில் ஈய எழுத்தைக் கைவிட்டது. அதே 1978-இல்தான் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் ‘ணை’, ‘லை’ முதலியவற்றின் பழைய தனி வடிவங்களை நீக்கி, நம் கம்பாசிட்டரின் கேஸில் சில அறைகளைக் குறைத்தது. ஆனால் மூன்று நான்கு பேர் வேலைபார்த்த நம் ஊர்ச் சிறு அச்சகங்களில் ஒப்பந்தம் பேசச் சங்கமும் இல்லை, பேசினால் கொடுக்க முதலாளியிடம் பணமும் இல்லை. அவரே டிரெடில் அச்சு எந்திரத்தைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பினார். கேஸிலிருந்த எழுத்துகளும் ஈயத்தின் விலைக்கு எடைபோடப்பட்டன.