அடுப்பில் வைத்த கால்

அன்புள்ள சார்,

போன மாதம் வாசகர் சந்திப்பில், உங்களை எழுத வைத்தது எது என்று ஒருவர் கேட்டதற்கு ‘ஜெகன்மோகினி’ படம் என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது கேட்கக் காரணம் இருக்கிறது. ஸ்கூல் லீவாச்சே என்று என் ஏழு வயது மகளை ஒரு கார்ட்டூன் படத்துக்கு அழைத்துப் போனேன். பாதியில் அழ ஆரம்பித்தவள், இன்னும் தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறாள். வெறும் பொம்மைப் படம்தானே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று மனைவி தினமும் சண்டை. ‘யு’ சான்றிதழ் வாங்கிய படம் சார் அது.

விட்டலாச்சார்யா எடுத்த அந்தப் பேய்ப் படத்தில் ஒரு எழுத்தாளருக்குக் கிடைக்க அப்படி என்ன இருக்கிறது? விளையாட்டுக்குத்தான் சொன்னீர்களா?

ஆர்., கொளத்தூர்

*

அன்புள்ள ஆர்.,

விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

‘ஜெகன்மோகினி’ 1978இல் வந்த தெலுங்குப் படம். தமிழ் பேசிக்கொண்டு இங்கேயும் சக்கைப்போடு போட்டது. நான் பார்த்தது சில வருஷம் கழித்து, ஒரு மே மாத லீவில், வண்ணாரப்பேட்டையில். “சாமி படம், பாம்பெல்லாம் வரும்” என்று சொல்லித்தான் சித்தி தெருப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு போனாள். சொன்னபடி சாமியும் வந்தது, பாம்பும் வந்தது. பேய்கள் வந்தபோது எல்லோரும் சேர்ந்து கத்தினோம். அந்தக் கத்தலில் சந்தோஷம்தான் அதிகம்.

பிறகு அந்தக் காட்சி. பெண்டாட்டியாக வீட்டுக்குள் வந்துவிட்ட பேய் சமைக்க உட்காருகிறது. அடுப்பில் விறகு இல்லை. தன் காலை நீட்டி உள்ளே வைக்கிறது. கால் எரிகிறது, சமையல் நடக்கிறது. தியேட்டரில் பாதிப் பேர் கைதட்டினார்கள். எனக்குச் சத்தமே வரவில்லை.

எங்கள் வீட்டில் அப்போது விறகடுப்புதான். ரேஷன் மண்ணெண்ணெய் தீர்ந்தால் ஸ்டவ்வும் கிடையாது. விறகுக் கடையிலிருந்து வாங்கி வந்த சவுக்கு விறகு, ஈரமாக இருந்தால் வீடெல்லாம் புகை. அம்மா ஒரு காலை மடித்து, இன்னொரு காலை அடுப்பை ஒட்டி நீட்டி உட்கார்ந்து ஊதாங்குழலால் ஊதுவாள். மறுநாள் காலை நான் சமையற்கட்டு வாசலில் நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெருப்புக்கும் பாதத்துக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. புறங்காலில் பளபளவென்று, சுருங்கிய தோலாக ஒரு தழும்பு. பிறந்ததிலிருந்து பார்க்கிற தழும்பு, அன்றுவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை. இது எப்படி வந்தது என்று கேட்டேன். அம்மா விறகைத் தள்ளிக்கொண்டே, கஞ்சி வடிக்கும்போது கொட்டிவிட்டது, அப்பாவுக்கு மில்லில் நைட் ஷிப்ட், சாப்பாடு கட்ட நேரமாகிவிட்டது என்றாள். அன்றைக்கும் சோறு கட்டிக் கொடுத்தாயா என்று கேட்டேன். பின்னே, பட்டினியாகவா போவார் என்றாள்.

படத்தில் நான் பயந்தது இதற்குத்தான். அங்கே எரிவது ஒரு கால், வெளியே இருப்பவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தால் போதும். இவ்வளவு தெளிவாக அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பார்த்தது அதைத்தான். நான் எழுதிய கதைகளில் பாதிக்குமேல் சமையற்கட்டில் நடப்பவை என்று விமர்சகர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

விட்டலாச்சார்யாவைக் கேலிப்பொருளாகவே வைத்திருக்கிறோம். உடுப்பிக்காரர், கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் கொடிகட்டிப் பறந்து, 1999இல் இதே சென்னையில் காலமானார். கம்ப்யூட்டர் எட்டிப் பார்க்காத காலம். கேமராவை நிறுத்தி ஆளை நகர்த்திவிட்டு மறுபடி ஓட்டுவது, ஒரே பிலிமில் இரண்டு முறை படம் பிடிப்பது என்று கையிலிருந்த வித்தைகளை வைத்தே உலகங்களை உண்டாக்கினார்கள். இன்று பார்த்தால் தந்திரம் தெரியும்தான். ஆனால் ஒரு பேயைக் கொண்டுபோய் அடுப்படியில் உட்காரவைக்கத் தோன்றியதே, அந்த மனசு சாதாரணமானதில்லை.

அதுவும் நம் ஊர் மனசுதான். சென்னையிலிருந்து அரக்கோணம் ரயிலில் ஏறினால் திருவாலங்காடு வரும், பக்கத்திலேயே பழையனூர். முற்பிறவியில் தன்னைக் கொன்ற புருஷனைத் தேடி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி என்ற பேய் வந்த ஊர். வேளாளர் எழுபது பேர் சபை கூடி, இவள் உன் பெண்டாட்டிதான், கூடப் போ என்று அவனை அனுப்பிவைத்தார்கள். அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்கும் கொடுத்தார்கள். அவன் செத்தான், வாக்குத் தவறாமல் அவர்களும் தீயில் இறங்கினார்கள். நீலி கேட்டது சேர்ந்து வாழ ஒரு வீடு. மோகினி கேட்பதும் அதுவே. நம் பேய்க்கதைகள் பலவற்றில் பேய் சுடுகாட்டை விட்டுவிட்டுக் குடும்பத்துக்குள் வரத்தான் பார்க்கிறது. குழந்தைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது. பெரியவர்கள் கைதட்டுகிறோம்.

சான்றிதழ் பற்றிச் சொன்னீர்கள். இப்போது, பெரியவர்கள் துணையோடு பார்க்கச் சொல்லும் யு/ஏ-வையே 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துவிட்டார்கள். நல்ல காரியம். ரத்தம், அடிதடி, கெட்ட வார்த்தை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அடுப்பும் காலும் எந்தக் கணக்கில் வரும்? உங்கள் பெண் எந்த இடத்தில் அழுவாள் என்று எந்தக் குழுவாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் மனைவியும் நீங்களும் இதற்காகச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

‘வெறும் பொம்மைப் படம்’ என்று மட்டும் இனி சொல்லாதீர்கள். அது பொம்மை என்று உங்கள் மகளுக்கும் தெரியும். எங்கள் சித்தியும் அன்று ராத்திரி, அது நிஜக் கால் இல்லை, மரக்கட்டை என்றாள். அந்தப் பதிலால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கொஞ்ச நாள் மகள் உங்கள் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளட்டும், அதில் ஒன்றும் கெட்டுப்போகாது. பகலில், விளையாடிக்கொண்டிருக்கும்போது, எந்த இடத்தில் பயம் வந்தது, அங்கே யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் நடுவில் திருத்தாதீர்கள். படத்தில் இல்லாத எதையாவது சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தியேட்டர், சான்றிதழ், மனைவியின் கோபம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மகள் எதைப் பார்த்துப் பயந்தாள் என்பது மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.