35 வயது நட்சத்திரமும் 20 வயது அணியும்

கேள்வி: எனக்குப் பிடித்த என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி சில சீசன்களாகத் தோற்றுக்கொண்டே இருக்கிறது. இப்போது இளைஞர்களை வைத்துப் புதிதாக ஆரம்பிக்கிறார்கள். இந்த நேரத்தில் 35 வயது நட்சத்திரத்தை உச்சபட்சச் சம்பளத்தில் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. சின்னப் பையன்களுக்கு வழிகாட்ட ஓர் அனுபவசாலி வேண்டாமா? ஜெயிக்கும் பழக்கத்தை யார் சொல்லித்தருவது? எதிர்ப்பவர்கள் வயதை மட்டுமே பார்க்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: ஆள், சம்பளம், வருடம் என்று மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஆளைப் பற்றி எனக்குத் தகராறே இல்லை. 35 வயதில் பிரமாதமாக ஆடுபவர்கள் இருக்கிறார்கள். மற்ற இரண்டும்தான் அணியைக் கவிழ்க்கும்.

கணக்கைப் பாருங்கள். 2025-26 சீசனுக்கு ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு சுமார் 15.46 கோடி டாலர். பத்து வருடம் ஆடி முடித்த நட்சத்திரம் அதில் 35 சதவீதம் வரை கேட்கலாம். அதாவது முதல் வருடமே 5.41 கோடி. சொந்த அணியே கொடுக்கும்போது வருடாவருடம் 8 சதவீதம் ஏற்றலாம் என்பதால் மூன்று வருடத்துக்கு மொத்தம் 17.5 கோடியைத் தொடும். மூன்றாம் வருடம், அவருக்கு 37 வயதாகும்போதுதான் சம்பளம் உச்சத்தில் நிற்கும். அது ஒரு பக்கம். இன்று நீங்கள் கொண்டாடும் இளைஞர்கள் டிராஃப்டின் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை; அதிகம் தோற்ற அணிகளுக்கே பொதுவாக மேல் வரிசை) முதல் சுற்றில் வந்தவர்கள் என்றால், அவர்களுடைய முதல் ஒப்பந்தம் நான்கு வருடம்; மூன்று சீசன் முடிந்ததுமே நீட்டிப்புப் பேச்சு ஆரம்பித்துவிடும். ஆக, பையன்கள் பெரிய சம்பளம் கேட்கிற சமயத்தில் உங்கள் கல்லாவில் மூன்றில் ஒரு பங்கு ஒரு முழங்காலை நம்பிப் போயிருக்கும்.

பணத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. வயதான நட்சத்திரம் மோசமாக ஆடினால் கூடப் பரவாயில்லை. ஓரளவு நன்றாக ஆடிவிடுவார், அதுதான் சிக்கல். மைக்கேல் ஜோர்டனையே எடுத்துக்கொள்வோம். 2000-01 சீசனில் வாஷிங்டன் விசார்ட்ஸ் 19 ஆட்டத்தில் ஜெயித்து 63-ல் தோற்ற அணி. அடுத்த சீசனில் 38 வயது ஜோர்டன் களமிறங்கினார். வெற்றி 37 ஆனது. அதற்கடுத்த சீசனில் 82 ஆட்டங்களிலும் ஆடினார், சராசரி 20 புள்ளி, நடுவில் 40 வயதும் ஆனது. அணிக்கு மறுபடி அதே 37 வெற்றி. இரண்டு சீசனிலும் பிளே-ஆஃபுக்குப் போகவில்லை, டிராஃப்டில் மேல் வரிசையும் கிடைக்கவில்லை. லெப்ரான் ஜேம்ஸ், கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவெய்ன் வேட் நால்வரும் முதல் ஐந்து இடத்துக்குள் போன 2003 டிராஃப்டில் வாஷிங்டனுக்கு வாய்த்தது பத்தாவது இடம்.

அதோடு நின்றதா? 2002-ல் ரிச்சர்ட் ஹாமில்டன் என்ற 24 வயதுப் பையனை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து, அவரைவிட மூத்தவரான ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸை வாங்கினார்கள். பக்கத்தில் நட்சத்திரம் இருக்கும்போது எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். பையன் வளரும்வரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? ஹாமில்டன் 2004-ல் டெட்ராய்ட்டில் சாம்பியன் ஆனார். ஜோர்டன் வாஷிங்டனில் சொல்லித்தந்த ஜெயிக்கும் பழக்கம் எந்த ஊரில் காய்த்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோபி பிரையன்ட் விஷயத்தில் நான் சுருக்கமாகவே பேசுகிறேன், ஏனென்றால் அவர் ரசிகர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதி மாளாது. குதிகால் தசைநார் அறுந்து, திரும்ப ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையில், 2013 நவம்பரில் லேக்கர்ஸ் அவருக்கு இரண்டு வருடத்துக்கு 4.85 கோடி டாலர் கொடுத்தது. அந்த இரண்டு சீசன்களில் அணிக்குக் கிடைத்தவை 21 வெற்றி, 17 வெற்றி. கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்தார், மறக்க முடியாத இரவுதான். ஆனால் அது நன்றிக்கடன். நன்றிக்கடனை அணி கட்டும் திட்டம் என்று பெயர் மாற்றி விற்காதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

இப்போது போர்ட்லண்டுக்கு வருகிறேன். ஒரே மனிதருக்கு இரண்டு விலை போட்ட கதை இது. 2021-22 சீசனில் போர்ட்லண்ட் 27 வெற்றியோடு முடிந்து, அணியைக் கலைக்கவும் ஆரம்பித்திருந்தது. அப்படியிருந்தும் 2022 கோடையில் டேமியன் லில்லார்டுக்கு இரண்டு வருட நீட்டிப்பு, சுமார் 12.2 கோடி டாலருக்கு. அந்தப் பணம் அவருடைய 35, 36-ஆம் வயதுகளுக்கானது! மறு வருடமே அவர் டிரேட், அதாவது வேறு அணிக்கு மாற்றம், கேட்டு மில்வாக்கிக்குப் போனார். 2025 ஏப்ரலில் அவருக்கும் குதிகால் தசைநார் அறுந்தது. மில்வாக்கி அவரை விடுவித்து, மீதமிருந்த சுமார் 11.3 கோடியை ஐந்து வருடத்துக்கு இழுத்துப் பரப்பியது. அவர் ஆடாமலே வருடத்துக்கு சுமார் 2.25 கோடி அவர்கள் சம்பளக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். போர்ட்லண்ட் தப்பித்தது சாமர்த்தியத்தால் அல்ல, அவரே கிளம்பியதால்.

அப்புறம் அதே போர்ட்லண்ட் 2025 ஜூலையில் அவரைத் திரும்ப அழைத்தது. மூன்று வருடம், மொத்தமே 4.2 கோடி, வருடத்துக்கு 1.4 கோடி. முதல் சீசன் முழுக்கக் காயத்தில் போகும் என்று தெரிந்தே கொடுத்தார்கள். இந்த விலைக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் ஆடாவிட்டாலும் யாரையும் விற்க வேண்டியதில்லை. அவர் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்யக்கூடாது என்ற ஷரத்தையும் சேர்த்தார்களே, அதுதான் உறுத்துகிறது. இளம் அணி தன் கையைத் தானே கட்டிக்கொள்வானேன்?

சரி, வழிகாட்டி வேண்டாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் வேண்டும். அதற்கு என்ன விலை என்று சான் அன்டோனியோ காட்டியது. 2024-ல் 39 வயது கிறிஸ் பாலை ஒரே ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். விக்டர் வெம்பன்யாமா என்ற இளம் நட்சத்திரம் இருந்த அந்த அணிக்கு சீசனின் 82 ஆட்டங்களும் ஆடினார். அணி 34-ல் ஜெயித்தது, டிராஃப்டில் இரண்டாவது இடமும் கிடைத்தது. சீசன் முடிந்ததும் பால் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். பாடம் நடந்தது, பாக்கி எதுவும் இல்லை.

இதே பால்தான் ஓக்லஹோமா சிட்டியிலும் இருந்தார். 2019-ல் ஹூஸ்டன் அவரைத் தள்ளிவிட்டபோது, கூடவே தன் வருங்கால டிராஃப்ட் உரிமைகளையும் (தேர்வு வாய்ப்புகளை) சேர்த்துக் கொடுத்தது. யாரும் தொட விரும்பாத ஒப்பந்தம் என்று பேச்சு. அந்த சீசனில் 21 வயது ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரோடு சேர்ந்து ஆடி, 44 வெற்றி, பிளே-ஆஃபில் ஏழு ஆட்டம் வரை போராட்டம். ரசிகர்கள் மயங்கினார்கள். நீங்கள் பொறுப்பில் இருந்திருந்தால் நீட்டிப்பு கொடுத்திருப்பீர்கள். அவர்கள் அடுத்த நவம்பரிலேயே பாலை ஃபீனிக்ஸுக்கு அனுப்பி, 22 வெற்றி, 24 வெற்றி என்று இரண்டு சீசன் கீழே கிடந்தார்கள். 2022 டிராஃப்டில் இரண்டாவது இடத்தில் செட் ஹோம்கிரென், பன்னிரண்டாவது இடத்தில் ஜேலன் வில்லியம்ஸ். 2025-ல் சாம்பியன்.

ஃபீனிக்ஸ் மட்டும் பாலை வைத்துக் கோப்பை வரை போகவில்லையா என்பீர்கள். இறுதிச்சுற்றுக்குப் போனது உண்மை, 2021-ல் மில்வாக்கியிடம் 4-2 என்று தோற்றது. ஆனால் அது புதிதாக ஆரம்பித்த அணி இல்லை. பால் வருவதற்கு முன்பே, 2020-ல் கொரோனா காரணமாகத் தனிமை வளாகத்தில் நடந்த எட்டு ஆட்டங்களையும் ஜெயித்திருந்தது. டெவின் புக்கர் அப்போதே முழுசாகத் தயார். பழுத்த அணிக்கு மூத்தவர் வந்தால் அது வேறு கணக்கு. உங்கள் அணி போன சீசனில் எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்பதை நீங்கள் கேள்வியில் எழுதவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

நான் சொல்லும் பேரம் இது: ஒரு வருடம் உறுதி, இரண்டாம் வருடம் அணியின் விருப்பம். சம்பளம் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும். டிராஃப்ட் உரிமை ஒன்றுகூட அவருக்காக வெளியே போகக் கூடாது. கடைசி ஐந்து நிமிடம் பந்து பையன்கள் கையில் இருக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒத்துக்கொண்டால் சந்தோஷம். மாட்டேன், எனக்கு மூன்று வருடம் உச்சபட்சச் சம்பளம் தர வேறு அணி காத்திருக்கிறது என்கிறாரா? வாசல் வரை வழியனுப்பிவிட்டு, அந்த மூன்று வருடம் முடிந்து அந்த அணி கீழே கிடக்கப்போகும் நான்காம் வருடத்து முதல் சுற்று டிராஃப்ட் உரிமை என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.