தைராய்டை எடுக்கும்போது கிடைத்த இன்னொரு கட்டி

கேள்வி: எனக்கு வயது 52. மூன்று வாரங்களுக்கு முன்பு தைராய்டின் வலது பாதியை அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். பயாப்சி அறிக்கையில் தைராய்டு கட்டி சாதாரணமானது என்றும், கூடவே ‘பாராதைராய்டு அடினோமா, 900 மில்லிகிராம்’ என்றும் இருக்கிறது. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. இது புற்றுநோயா? எடுக்கக் கூடாத எதையாவது எடுத்துவிட்டார்களா, டாக்டர்?

பதில்: புற்றுநோய் இல்லை, அம்மா. அடினோமா என்றால் தீங்கற்ற கட்டி. பாராதைராய்டில் புற்றுநோய் வருவதே மிக அரிது.

பாராதைராய்டுக்கும் தைராய்டுக்கும் பெயரிலும் இடத்திலும்தான் ஒட்டு, வேலை வேறு. தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலோருக்கு நான்கு இருக்கும். ரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பது இவைதான். இவற்றில் ஒன்றில் அடினோமா வந்தால் கால்சியம் ஏறிவிடும். ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு, எடை 30 முதல் 50 மில்லிகிராம். உங்களுடையது 900! கண்ணில் படாமல் இருந்திருக்காது.

அறுவை செய்யும்போது எனக்கும் இப்படி எதிர்பாராமல் கண்ணில் பட்டிருக்கிறது. தைராய்டைப் புரட்டினால், மஞ்சள் கலந்த பழுப்பில் தட்டையாக இருக்க வேண்டியது செம்பழுப்பாக உப்பிக்கொண்டு எட்டிப்பார்க்கும். கை அப்படியே நின்றுவிடும். “இவருக்குக் கால்சியம் எவ்வளவு?” என்பேன். பல சமயம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அறுவைக்கு முன்பு கால்சியத்தையும் பாருங்கள் என்று இளைய மருத்துவர்களை நான் நச்சரிப்பது இதற்காகத்தான். சற்றே பருத்ததையெல்லாம் எடுத்துவிடவும் கூடாது. வைட்டமின் டி குறைந்தாலும் அது பருக்கும். நல்ல சுரப்பி தவறிக் கையோடு வந்துவிட்டால், பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசைக்குள் பதித்துவிடுவோம். பெரும்பாலும் அங்கே பிழைத்துக்கொள்ளும்.

வீட்டில் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேடுங்கள். கால்சியம் 10.5க்கு மேல் இருந்ததா? சிறுநீரகக் கல், எலும்புத் தேய்மானம், காரணம் தெரியாத அசதி? இருந்திருந்தால், இந்தக் கட்டிக்காகப் பின்னால் இன்னொரு அறுவை செய்துகொள்ளும் சிரமம் உங்களுக்கு மிச்சமாகியிருக்கிறது.

இப்போது கால்சியம், அல்புமின், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி நான்கையும் பாருங்கள். மற்ற சுரப்பிகள் இவ்வளவு நாள் சோம்பிக் கிடந்திருக்கலாம். அதனால் கால்சியம் கொஞ்ச காலம் தாழக்கூடும். உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மதமதப்பு வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஆறு மாதம் கழித்தும் கால்சியம் சரியாக இருந்தால் குணமாகிவிட்டது என்று சொல்லலாம்.

உங்களிடம் சொல்லாதது தவறு. அதற்குச் சாக்கு கிடையாது. அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எடுத்தது மேல் சுரப்பியா கீழ்ச் சுரப்பியா, இடது பக்கத்தைத் திறந்து பார்த்தார்களா என்பது அதில் இருக்கும். பின்னால் கால்சியம் மறுபடி ஏறினால், எங்கே தேட வேண்டும் என்று அந்தத் தாள்தான் சொல்லும்.