2010 கோல்ஃப் ஜிடிஐ: காலையில் கேட்கும் சலசலப்பு

நீங்கள் வாங்கப் பார்க்கும் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 1,30,000 கிலோமீட்டர் ஓடிய கார், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் இரண்டு விநாடி சலசலப்பு, பிறகு அமைதி. "டர்போ கார் என்றால் அப்படித்தான்" என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை. பாவம், டர்போவின் மேல் ஏன் பழி?

எனக்குச் சந்தேகம் டைமிங் செயின் டென்ஷனர் மீதுதான்; அதாவது வால்வுகளை நேரம் பிசகாமல் இயக்கும் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம். இரவெல்லாம் நின்ற எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை செயினைத் தளரவிடாமல் பிடித்திருப்பது அதன் பூட்டுதான். இந்த எஞ்சினில் முதலில் வந்த டென்ஷனரின் பூட்டு பிடி விட்டுவிடும்; அதனால்தான் 2012 வாக்கில் திருத்திய வடிவம் வந்தது. செயின் பல் தாண்டினால் பிஸ்டன் வால்வுகளை இடித்துவிடும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். கீழ் மூடியிலுள்ள சிறு துளை வழியாக எந்த வகை இருக்கிறது என்று மெக்கானிக் பார்த்துவிடலாம். பழையது என்றால் செயினும் டென்ஷனரும் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

மற்றவை வழக்கமானவை. நேரடி எரிபொருள் செலுத்தல் (பெட்ரோல் வால்வுகள் மேல் படாமல் நேரே சிலிண்டருக்குள் போகும்) என்பதால் உள்ளிழுப்பு வால்வுகளில் கரி படியும். தண்ணீர் பம்ப் கூடு கசியும். டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸாக இருந்தால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள்.

மறுபடி பார்க்கப் போகும்போது, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், அந்தச் சலசலப்பு கேட்காதபடி நீங்கள் வருமுன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.