டிக்கெட்டை இப்போதே விற்காதீர்கள்

உங்கள் பேஸ்பால் அணிக்கு 50 ஆட்டத்தில் 31 தோல்வி, மீதி சீசன் டிக்கெட்டை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் இதே 19-31 நிலையில்தான் இருந்தது. கடைசியில் 93 வெற்றியோடு வைல்டு கார்டில் (லீக்கின் பிரிவுகளில் முதலிடம் பெறாத சிறந்த அணிகளுக்கான பிளேஆஃப் சுற்று இடம்) நுழைந்து, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை 7 ஆட்டங்களில் வீழ்த்தி உலகத் தொடரையே வென்றது. அந்தத் தொடரில் பெற்ற நான்கு வெற்றியும் ஹூஸ்டன் மைதானத்திலேயே! இன்றும் நினைத்தால் சிலிர்க்கிறது.

அப்போது ஒரு லீக்குக்கு 2 வைல்டு கார்டுதான்; 2022 முதல் 3. அதனால் பிரிவில் முதலிடத்தைப் பார்த்து ஏங்காமல், மூன்றாவது வைல்டு கார்டு எத்தனை ஆட்டம் தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், எடுத்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசம். ஒரே ரன்னில் தோற்ற ஆட்டங்கள் நிறைய என்றால் அணி அவ்வளவு மோசமில்லை. எடுத்ததைவிட 100 ரன் அதிகமாகக் கொடுத்திருந்தால், சரி, எனக்கும் கவலைதான். அப்போதும் ஆகஸ்ட் டிக்கெட்டையாவது கையில் வைத்திருங்கள்.