காசு முதலில் யார் கையில்? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: வளரும் நாடுகளில் மக்கள் ஏன் ஆன்லைனில் வாங்குகிறார்கள் என்பதுதான் என் எம்.பி.ஏ. ப்ராஜெக்ட். தள்ளுபடிதான் காரணம் என்று எழுதினேன். கைடு அது போதாது என்கிறார். வேறென்ன பார்க்க வேண்டும்?
– மாணவி, முருகேஷ்பாளையா

பதில்: கைடு சொல்வது சரி. தள்ளுபடி முதல் ஆர்டரைக் கொண்டுவரும், அவ்வளவுதான். அந்த ஆர்டரில் கோளாறு வந்தபோது காசு யார் கையில் இருந்தது, எத்தனை நாளில் திரும்பியது என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாவது ஆர்டர்.

இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் எல்லோரும் 1989-ல் ஃப்ரெட் டேவிஸ் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியில் தொடங்குவார்கள். பயன் இருக்கிறதா, சுலபமாக இருக்கிறதா என்ற இரண்டைத்தான் அது கேட்கிறது. ஆபீசில் கொடுத்த கம்ப்யூட்டரை ஊழியர்கள் பயன்படுத்துவார்களா என்று பார்க்கப் பிறந்த மாதிரி அது. அங்கே யாருடைய கைக்காசும் போகாது. சம்பளத்தில் 800 ரூபாயை எடுத்து முகம் தெரியாத ஆளுக்கு அனுப்புகிறவர் போடும் கணக்கு வேறு.

ஒவ்வொரு நாடும் இதற்கு ஒரு வழி கண்டது. சீனாவில் 2003-ல் தாவ்பாவ் என்ற ஆன்லைன் சந்தை வந்தபோது வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. 2004-ல் வந்த அலிபே என்ற பணம் கட்டும் சேவை, சரக்கு கைக்கு வந்துவிட்டது என்று வாங்கியவர் சொல்லும்வரை பணத்தை நடுவில் பிடித்துவைத்தது. நம் பெங்களூரில் 2007-ல் தொடங்கிய ஃப்ளிப்கார்ட், 2010-ல் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்தது. கென்யாவில் 2007-லேயே எம்-பெசா வந்து, பேங்க் கணக்கு இல்லாதவர்களும் போனில் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். ஆனாலும் கதவு எண் ஒழுங்காக இல்லாத தெருக்களில் பார்சலை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? பொதுவான ஓர் இடத்தில் வைத்து, வாங்கியவரே வந்து எடுத்துக்கொள்ளும் முறை அங்கே உருவானது. ‘மாரியம்மன் கோயில் பின்னாடி, மூணாவது க்ராஸ்’ என்று முகவரி எழுதும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே 2016 ஏப்ரலில் யு.பி.ஐ., செப்டம்பரில் ஜியோ, 2020-ல் பெரிய தளங்களில் தமிழ் என்று தடைகள் ஒவ்வொன்றாக விலகின.

ப்ராஜெக்டுக்கு வருவோம். ‘ஆன்லைன் கடையை நம்புகிறீர்களா? 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் 3 அல்லது 4 போட்டுவிட்டுப் போவார்கள். கடைசியாக வாங்கிய பொருள் எது, எப்படிப் பணம் கட்டினீர்கள், எதையாவது திருப்பி அனுப்பியதுண்டா, பணம் எத்தனை நாளில் வந்தது என்று நடந்ததைக் கேளுங்கள். ஆர்டர் போட்டவர் யார், பணம் கட்டியவர் யார் என்பதைத் தனித்தனியாகக் குறியுங்கள். பல வீடுகளில் பெண் தேர்ந்தெடுப்பார், ஆர்டர் மகன் போனில் போகும். இன்னொன்று: கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால், ஏற்கெனவே ஆன்லைனில் வாங்குகிறவர்களே மாட்டுவார்கள். வாங்காதவர்களின் காரணம் வேண்டுமென்றால் அல்சூர் மார்க்கெட்டில் காகிதத்தோடு நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: சேலைக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, அதே விலைக்கு ஆன்லைனில் வாங்குகிறார்கள். நானும் ஆன்லைனில் ஏறலாமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: முதலில் உங்கள் பில்லைத் திருப்பிப் பாருங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறதா? விலை ஒன்றாக இருக்கும்போது, பிடிக்காவிட்டால் கடைக்காரர் முகத்தைப் பார்க்காமலே திருப்பலாம் என்ற வசதிதான் வாடிக்கையாளரை அங்கே இழுக்கிறது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிக்காவிட்டால், 30 நாளுக்குள் திரும்ப எடுக்க வேண்டும். அந்த வரியை எடுத்துவிட்டு ‘7 நாளில் மாற்றித் தரப்படும்’ என்று போடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

ஏறுவதென்றால் திரும்பி வரும் சரக்கின் கணக்கை முதலில் போடுங்கள். உதாரணத்துக்கு, 100 சேலை அனுப்பி 20 திரும்பினால், போக வர ஒவ்வொன்றுக்கும் 120 ரூபாய் என்று வைத்தால் 2,400 ரூபாய். விற்ற 80 சேலை தலைக்கு 30 ரூபாய் சுமக்க வேண்டும்; கமிஷன் தனி. கசங்கி வந்ததைப் புதிது என்று விற்கவும் முடியாது. சேலை திரும்புவதற்குப் பெரிய காரணம் நிறம். ட்யூப்லைட்டின் கீழே எடுத்த படத்தில் மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகிவிடும். காலை வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், முந்தானை, பார்டர், உடல், மடிப்பின் உள்பக்கம் என்று நான்கு படம் எடுங்கள். பிளவுஸ் துணி சேர்ந்ததா, எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதுங்கள்.

ஜி.எஸ்.டி. விஷயம்: ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்து, கர்நாடகத்துக்குள் மட்டும் அனுப்பினால், 2023 அக்டோபர் 1 முதல் முழு ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் சேர்க்கை எண் (என்ரோல்மென்ட் நம்பர்) மட்டும் எடுத்தே ஆன்லைன் தளங்களில் விற்கலாம். அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்கு ஒரு சேலை போனாலும் அது வேறு மாநிலம். தளம் வழியாக அனுப்பப் பதிவு வேண்டும்.

கேள்வி: என் மாமியார் கேஷ் ஆன் டெலிவரி தவிர வேறெதற்கும் சம்மதிப்பதில்லை. அதுதான் பாதுகாப்பா?
– வாசகி, விவேக் நகர்

பதில்: பாதி பாதுகாப்பு. பார்சலைப் பிரிக்கும் முன்பே காசு கை மாறிவிடுகிறதே! ஆர்டர் போடாத பார்சல்கூட வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து வரும். யாருக்கு, எந்தத் தளத்திலிருந்து, எவ்வளவு என்று சமையலறைக் காலண்டரில் எழுதிவையுங்கள். அதில் இல்லாத பார்சலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். விலை கூடிய பொருளுக்கு, எதிரிலேயே திறந்து காட்டும் டெலிவரி இருந்தால் அதை எடுத்து, பார்த்த பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள். இல்லையென்றால் முகவரி ஸ்டிக்கரிலிருந்து தொடங்கி, இடையில் நிறுத்தாமல், பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

பணம் திரும்பும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘ரீஃபண்ட் அனுப்புகிறோம், பின் நம்பர் போடுங்கள்’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். யு.பி.ஐ.யில் கணக்கில் கழிந்து கடைக்குச் சேராத பணம், ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் கட்டிய நாளிலிருந்து 5 நாளில் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ‘இன்னும் 2 மட்டுமே உள்ளது’ என்று காட்டுகிறார்களே, நிஜமா?
– வாசகர், லிங்கராஜபுரம்

பதில்: சில நேரம் நிஜம். பொய்யாக அவசரம் காட்டுவதை, 2023 நவம்பர் 30-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் தடுக்கிறது; அதில் உள்ள 13 தந்திரங்களில் இது ஒன்று. கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் நைசாகச் சேர்ப்பது இன்னொன்று. பொருளைக் கூடையில் போட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். அப்போதும் ‘2 மட்டுமே’ என்று நின்றால், இரண்டு நாளும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் செய்யலாம்.